யந்திரத்துக்கும் சுருதி சேர்க்க வேண்டும்

தம்புராவின் நான்கு தந்திகளையும் முறுக்கியும் தளர்த்தியும், ஜீவாளி நூலை மயிரிழையளவு நகர்த்தியும், நாதம் தடையின்றிச் சுழலத் தொடங்கிய பிறகே வாய் திறக்கும் வித்துவானுக்காக நாம் பொறுமையோடு காத்திருக்கிறோம். அந்தச் சில நிமிஷங்களும் கச்சேரியைச் சேர்ந்தவையே என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே மேடையில் மடிக்கணினியோடும் சிந்தசைஸரோடும் ஓர் இளைஞன் வந்து கேபிள்களைப் பிரித்துப் பொருத்தத் தொடங்கினால், அவனுக்கு அந்த அவகாசத்தை அளிக்க நமக்கு மனம் வருவதில்லை. மின்னணு இசைக்குரிய உபகரணங்களை அமைப்பதும் சுருதி சேர்ப்பதைப் போலவே சங்கீதத்தின் ஓர் அங்கம் என்பதும், அதற்குரிய நேரத்தை மறுப்பது இசையையே மறுப்பதாகும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். மாதக்கணக்கில் தன் அறையில் உருவாக்கிய இசையை ஒரு மாணவன் அன்று முதன்முதலாகச் சபையின் முன் வாசிக்க வந்தான். அவனுடைய மடிக்கணினி மேடையிலிருந்த ஒரு பிளக்கிலும், மைக்செட்டுக்காரரின் மிக்ஸர் அரங்கின் பின்புறத்திலிருந்த வேறொரு பிளக்கிலும் மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்தபடியால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒலிக் கேபிளின் வழியாக ஒரு வளையம் உண்டாகி, அவன் ஒரு ஸ்வரத்தை எழுப்புமுன்பே ஸ்பீக்கர்கள் இரையத் தொடங்கின. எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று ஒருவர் முன்வந்தார். உயிருக்குக் காவலாயிருக்கும் கம்பியை அறுத்து ஒலியைச் சுத்தம் செய்யக்கூடாது என்று மைக்செட்டுக்காரர் அவரைத் தடுத்து, இரண்டையும் ஒரே இடத்து மின்சாரத்தில் இணைத்து, உள்ளே டிரான்ஸ்பார்மர் கொண்ட டி.ஐ. பாக்ஸ் ஒன்றை நடுவே வைத்தார். இரைச்சல் அடங்கியது, அதற்குள் மாணவனுக்கு ஒதுக்கிய நேரமும் தீர்ந்துவிட்டது. தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கிய அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. விழா தொடங்குமுன் அரை மணி நேரம் கொடுத்திருந்தால் அவனுக்கு அந்த வேதனை நேர்ந்திராது.

இந்த இசை நம் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. 1969-ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மோக் சிந்தசைஸரைக் கொண்டு ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவ, கீதா சாராபாய் முதலியோர் அங்கே இசை படைத்தார்கள். அந்த யந்திரத்தில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி வேறு, அதை வடிகட்டும் பகுதி வேறு. கலைஞன் தன் கையால் கம்பிகளைச் செருகி அவற்றை இணைக்கும் வரை அது ஊமையாகவே நிற்கும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது அதன் நியதி. ஆயினும் அறையின் வெப்பம் மாறினால் சுருதி விலகிவிடுமாதலால், அதற்கும் அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே அமைப்பதும் வாசிப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு நிலைகள் என்பதைத் தொடக்க காலத்துக் கலைஞர்கள் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்.

இன்றோ, வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைக்க விரும்புவோர் இதை மறந்து முதலில் வாங்குவது விலையுயர்ந்த மைக்கும் ஸ்பீக்கரும். கடைசியில் நினைப்பது அவற்றை வைக்கும் அறையை. வினாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட மந்தர ஸ்தாயி ஒலி காற்றில் ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுள்ள அலையாகப் பரவுவது. பத்தடி அறைக்குள் அது சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் பெருகியும் மற்றோரிடத்தில் மறைந்தும் போவதால், அங்கே அமர்ந்து மிக்ஸ் செய்கிறவர் தம் செவியை நம்பியே ஏமாந்துபோகிறார். சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டுவது உச்ச ஒலியைச் சிறிது மங்கச் செய்யுமேயன்றி இந்த மந்தர ஒலியைத் தொடவும் செய்யாது. மூலைகளில் கனமான ராக்வூல் பொதிகளை நிறுத்தி, இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமையும்படி செய்துவிட்டால், நடுத்தர விலையில் வாங்கிய கருவிகளே வியக்கத்தக்க பலனைத் தரும்.

மேடையின் தர்மம் வேறு. ஸ்டூடியோவில் பிழையை அழித்து மறுபடியும் பதியலாம்; மேடையில் தவறிய கணம் திரும்புவதில்லை. வினாடிக்கு 48,000 மாதிரிகளாக ஒலியைக் கையாளும் கணினியில் ஒருமுறைக்குத் தேக்கிவைக்கும் அளவான பஃபரை 1,024 மாதிரிகள் என்று வைத்தால், அந்த ஒரு படியிலேயே 21 மில்லி வினாடித் தாமதம் ஏற்பட்டு விரலும் ஒலியும் பிரிந்துபோகின்றன. 128 என்று குறைத்தால் தாமதம் 3 மில்லி வினாடிக்குள் அடங்கும், ஆனால் கணினி சுமை தாங்காமல் ஒலி விட்டுவிட்டு வெடிக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே தன் கருவிக்கு உகந்த இடத்தைக் கண்டறிவதும், முடிந்த பகுதிகளை முன்கூட்டியே ஒலிக்கோப்புகளாக்கிச் சுமையைக் குறைப்பதும், ஒரு கருவி நின்றுவிட்டால் கைகொடுக்க இன்னொன்றை ஆயத்தமாக வைப்பதும் வீட்டிலேயே பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டிய சாதகம். ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் எதிரெதிர் முகமாக அனுப்பி, வழியில் சேர்ந்த இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடும் பாலன்ஸ்டு கேபிளைத் தேர்ந்துகொள்வதும் அதைச் சேர்ந்ததே.

எனவே சபா நடத்துவோருக்கும் கல்லூரிகளுக்கும் என் விண்ணப்பம் இது. ரசிகர்கள் வருமுன் ஒரு மணி நேரமாவது சவுண்ட் செக்குக்கென்று அரங்கைத் திறந்து கொடுங்கள். அரங்கு நிறைந்தபின் மனித உடல்களே ஒலியை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், ஒலியை மறுபடியும் சரிசெய்ய நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்திருங்கள். அலங்கார விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தோடு கலவாமல், ஒலிக்கென்று தனி லைன் ஒன்றைத் தாருங்கள். அன்று அந்த எர்த் பின்னைக் காத்த மைக்செட்டுக்காரரின் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. அழைப்பிதழிலும் அது இல்லை. இனி அச்சாகும் அழைப்பிதழ்களில், பக்கவாத்தியக்காரர்களின் வரிசையிலேயே அவரைப் போன்றோரின் பெயரும் இடம்பெற வேண்டும்.