கல்லின் கணக்கைத் திற!

"கூலியைப் பற்றிப் பேசுங்கள், போனஸைப் பற்றிப் பேசுங்கள், மியூசியத்துக் கல்லைப் பற்றி நமக்கென்ன?" என்று அருவங்காடு கார்டைட் பாக்டரி கேட்டில் சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2009 நவம்பர் மழையில் நீலகிரி சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். சரிவிலே குடிசை போட்டு, லைன் வீட்டில் முடங்கிக் கிடப்பவன் யார், தோழர்களே? எஸ்டேட் முதலாளியா?

நம் மலை சார்னோக்கைட் கல்லால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரனின் சமாதிக்கல் இந்த இனம் என்று கண்டு, 1893ல் ஹாலந்து துரை வைத்த பெயர் அது. (கல்லை உடைத்தவன் பெயரை எந்தக் கல்லுக்கும் வைக்கவில்லை!) அந்தக் கல் யுகயுகமாக மழையில் மக்கி, ஆழமான மண்ணாகக் கிடக்கிறது. நீர் ஊறினால் மண் கனக்கிறது, பிடி தளர்கிறது, சரிகிறது. எந்தச் சரிவில் எத்தனை ஆழம் மண், அடியில் எப்படிப்பட்ட பாறை என்பதைத் தோண்டியெடுத்த மாதிரிகளும் குறிப்பேடுகளும்தான் சொல்லும். நம் உயிர்க்கணக்கு அதில் இருக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851ல் பிறந்தது. அதே ஆண்டு சென்னை மியூசியம் 1,100 கல் மாதிரிகளோடு ஆரம்பமாயிற்று. ஜனங்களின் வரிப்பணத்தில் வளர்ந்த இந்த அறிவால் பலன் கண்டது யார்? 1880 வாக்கில் தேவாலா, பந்தலூரில் தங்கம் என்று நிபுணர் அறிக்கை எழுதியதும், லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பங்கு விற்றுப் பணம் பண்ணின. சில ஆண்டுகளில் கவிழ்ந்தன. மலையில் எஞ்சியவை வெறும் குழிகள்.

இன்றைய சர்க்கார் என்ன செய்தது? 2023 டிசம்பர் 19ல் தேசிய நிலவியல் தகவல் களஞ்சியத்தை இணையத்தில் திறந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் யாருக்காக? கனிம ஏலத்தில் இறங்கும் முதலாளிகள் கையில்தான் அது முதலில் போய்ச் சேருகிறது. அடுத்த ஆண்டே மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி வென்றது. தங்கள் காலடியில் என்ன கிடக்கிறது என்பது முதலாளிக்குத் தெரிந்த பிறகே அரிட்டாபட்டி விவசாயிக்குத் தெரிந்தது. அவர்கள் திரண்டெழுந்தார்கள், 2025 ஜனவரி 23ல் ஏலம் ரத்தாயிற்று.

காலனி நாடுகளில் அள்ளிய மாதிரிகளின் பதிவுகளையே லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் 2014 முதல் எவரும் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறது. நம் நாட்டு மியூசியங்களில் மட்டும் என்ன தடை? ஒவ்வொரு கல்லும் எடுத்த இடம், நாள், படம் எல்லாம் காசில்லாமல், கைபேசியில், தமிழில் கிடைக்க வேண்டும். "கூலிக்காரனுக்கு இது புரியுமா?" என்பவர்களே, அந்த மண்ணை வெட்டிக் கொட்டியவன் அவன்தான்!

நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பை நிலவியல் துறை 2024லிருந்து வெளியிடுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும். அதற்குள் குன்னூர் வட்டாரத்து நிலச்சரிவு வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு லைன் வாசலிலும் சர்க்கார் ஒட்டட்டும்.