களம் விரிந்தால் போர் சிறக்குமா?

சதுரங்கம் போல முறைவைத்து ஆடும் கணினிப் போர் விளையாட்டுகளுள் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' புகழ் பெற்றது. இரு படைகள் எதிரெதிர் ஓரங்களில் நின்று மோதும். 1996இல் வந்த இரண்டாம் பாகத்தில் களம் 99 அறுகோணக் கட்டங்கள் கொண்டது. 1999இல் வந்த மூன்றாம் பாகத்திலோ 165. "களம் விரிந்தால் வீண் நடைதான் மிகும்" என்பர் சிலர். அதை ஏற்பதற்கில்லை.

சிறு களத்தில் முந்தி அடிப்பவர் கையே ஓங்கும்; மதிக்கு வேலை குறைவு. மூன்றாம் பாகத்தில் ஈட்டி வீரர் ஒரு முறைக்கு 4 கட்டமே நகர்வர். ஆனால் எதிரி வில்லாளரில் பெரும்பாலோர் 10 கட்டங்களுக்கு அப்பாலிருந்து எய்தால், அம்பின் வலிமை பாதியாகிவிடும். ஆக, தொலைவே மெலியோர்க்குக் கேடயம்! எப்போது நெருங்குவது, எப்போது காத்திருப்பது எனச் சிந்திக்க இடமுண்டு.

ஆயினும் ஒரு குறை. அதிதூதர் என்னும் படைப்பிரிவு ஒரே முறையில் 18 கட்டம் பறக்கும். களத்தின் நீளமோ 15 கட்டமே! அங்கே பரப்பால் பயனென்ன? எனவே களத்தை விரித்தால் மட்டும் போதாது. வேகத்திற்கும் வரம்பு வேண்டும்.

தாவீது கோலியாத்தை நெருங்கவிடாமல் கவணால் அன்றோ வீழ்த்தினார்? எளியோர் அறிவால் வெல்ல வழிவிடும் களமே நல்ல களம்.