என்ன வேணும்? என்ன இருக்கு?

போன மாசம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் திடீரென்று மக்கர் பண்ணியது. மெக்கானிக் தம்பி வந்தார். "உள்ளே இருக்கிறதை எல்லாம் எடுத்து வெளியே வெச்சிருங்க சார், அப்பத்தான் பார்க்க முடியும்" என்றார். எடுத்து வைத்தோம். டைனிங் டேபிள் நிறைந்தது. தரையில் பேப்பர் விரித்தோம். அதுவும் நிறைந்தது.

நாலு டப்பா சாம்பார். நாலும் வேறு வேறு கிழமை. கறுத்து அழுகிய கொத்தமல்லிக் கட்டு ஒன்று. பாதி நறுக்கிய வெங்காயம் மூன்று. புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்த மாவு ஒரு போசி. ஃப்ரீஸரில் ஐஸ் மூடிய ஒரு பொட்டலம். "தீபாவளிக்கு எடுத்த கறிதான்" என்றார் மனைவி. "எந்தத் தீபாவளி?" என்றாள் மகள்.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "இது ஃப்ரிட்ஜ் இல்லீங்க சார். குடோனுங்க."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. குளிர்காற்று வருகிற ஓட்டைகளை டப்பாக்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், உள்ளே குளிர் சுற்றவே இல்லையாம். ஃப்ரிட்ஜ் சரியாயிற்று. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

"இத்தனையை எதுக்கு சேர்த்து வெச்சே?" என்று மனைவியிடம் கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டுவிட்டேன். பதில் நிதானமாக வந்தது. "நேத்து வெச்ச சாம்பார் இருக்குதுங்கன்னு சொன்னா, தட்டைத் தள்ளி வெச்சுட்டு ஒரு ஆம்லெட் போடுன்னு சொல்றீங்க. மிச்சத்தைக் கொட்ட எனக்கு மனசு வர்றதில்லை. நான் ஒருத்தி எத்தனைதான் சாப்பிடறதுங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. உங்கள் வீட்டில் கேட்டால் உங்களுக்கும் வராது.

தினமும் காலையில் நம் வீடுகளில் ஒலிக்கும் கேள்வி, "இன்னைக்கு என்ன செய்யட்டும்?" பதிலாக வருவதெல்லாம் ஆசைகள். பையனுக்குப் பூரி. அப்பாவுக்கு வெண்டைக்காய்ப் பொரியல். தாத்தாவுக்குக் கொள்ளு ரசம். "வீட்ல என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. அதனால் இருப்பது அப்படியே இருக்கிறது. இல்லாதது கடையிலிருந்து வருகிறது. குப்பைத் தொட்டிக்குப் போகிற வழியில் சாப்பாடு நாலு நாள் தங்கிப் போகிற லாட்ஜாக ஃப்ரிட்ஜ் ஆகிவிட்டது.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவிகிதம் ஹோட்டலிலோ கடையிலோ வீணாகவில்லை. வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை போடும் கணக்கு, தலைக்கு வருஷத்துக்கு 55 கிலோ. தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்த்துத்தான் என்றாலும், நாலு பேர் உள்ள வீட்டில் அது 220 கிலோ. அரிசி மண்டிக் கணக்கில் சொன்னால், 25 கிலோ சிப்பம் கிட்டத்தட்ட ஒன்பது!

"என் காசு, நான் வாங்கறேன், நான் கொட்டறேன். உங்களுக்கு என்னங்க?" என்று கேட்பவர்கள் வெள்ளலூர் பக்கம் ஒரு நடை போய் வரலாம். கோவையின் குப்பை ஆண்டுக்கணக்கில் அங்கேதான் மலையாகக் குவிந்தது. 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது, அணைக்க நாள்கணக்கில் போராடினார்கள். காற்றுப் புகாமல் மக்குகிற சோறும் காய்கறியும் மீத்தேன் வாயுவைக் கிளப்பும், அது எரியும். நாம் கொட்டிய சாம்பாருக்கும் அந்தப் புகையில் பங்கு உண்டு. அதை மூச்சில் இழுத்தவர்கள் வெள்ளலூர்க்காரர்கள்.

தண்ணீர் இன்னொரு கணக்கு. ஆயிரம் அடி போர் போட்டும் காற்றுதான் வருகிறது என்று புலம்புகிற ஊர் நம்முடையது. அத்திக்கடவு - அவினாசித் திட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட்டில்தான் அது திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட மண்ணில், தொண்டாமுத்தூரிலும் கிணத்துக்கடவிலும் சொட்டு நீர் போட்டு வளர்த்த தக்காளியை வாங்கி வந்து அழுகவிட்டுத் தூக்கிப் போட்டால், தூக்கிப் போட்டது தக்காளியை மட்டும்தானா?

"எங்க அப்பத்தா காலத்துல ஃப்ரிட்ஜே கிடையாதுங்க, தினமும் புதுசாத்தான் செஞ்சாங்க" என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. மீந்த ராகிக் களியை மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனார்கள். கம்மஞ்சோறும் அப்படியே. புளித்த மாவு பணியாரம் ஆனது. மீந்த கறி உப்புக்கண்டம் ஆனது. மிளகாய் மலிந்தால் மோர்மிளகாய், கொத்தவரை மலிந்தால் வத்தல். வெங்காயம் விலை போகாவிட்டால் பட்டறை போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். அப்பத்தாவின் சமையல் முழுக்க, 'என்ன இருக்கு' என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. நம்மிடம் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் தொலைத்துவிட்டோம்.

இன்னொரு கோஷ்டி, வாட்ஸ்அப் வைத்தியர்கள். "ஃப்ரிட்ஜில் வெச்சதெல்லாம் விஷம்" என்பார்கள். ஐயா, ஃப்ரிட்ஜ் விஷம் இல்லை, சோம்பல்தான் விஷம். சமைத்ததை ரெண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, மூடி உள்ளே வையுங்கள். உள்ளே குளிர் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எடுத்தால், தேவையானதை மட்டும் எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஒரே ஒரு முறை சூடு பண்ணுங்கள். ஃப்ரீஸர் கறியை ராத்திரியே கீழ்த்தட்டில் இறக்கி வைத்து உருகவிடுங்கள். உருகிச் சூடேறியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். வாடை மாறியிருந்தால், சந்தேகமாக இருந்தால், யாரையும் சாப்பிடச் சொல்லாதீர்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது சிக்கனம் ஆகாது.

மற்றபடி இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் வைத்தது, அவ்வளவுதான். பழசு முன்னால், புதுசு பின்னால். உழவர் சந்தைக்குப் பையைத் தூக்குவதற்கு முன்னால் கதவைத் திறந்து ஒரு பார்வை. வாரத்தில் ஒரு நாள், புதுசாக எதுவும் வாங்காமல் இருப்பதைக் காலி பண்ணுகிற நாள். நாலு காயிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் கதம்ப சாம்பார். இட்லி மீந்தால் உப்புமா. எதுவுமே இல்லை என்றாலும் அரிசி, துவரம்பருப்பு, நாலு வெங்காயம், ரெண்டு தக்காளி, பூண்டு இருக்கும். அரிசிம்பருப்புக்கு அது போதாதா? கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு "வீட்ல ஒண்ணுமில்லை, ஆர்டர் பண்ணிக்கலாம்" என்று எந்த வாயால் சொல்கிறோம்?

ஆனால், இந்த யோசனைகளை எல்லாம் கத்தரித்து மனைவியிடம் கொடுத்து, "படிச்சுப் பாரு, இனிமே இப்படிச் செய்" என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். பிரச்னையே அங்கேதான் இருக்கிறது. புதுசு நமக்கு, பழசு அவருக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தைத் தின்று தீர்ப்பதை அம்மாவின் கடமையாகவே வைத்துவிட்டோம். அவர் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? நேற்றைய சாம்பாரை எல்லோரும் சாப்பிட்டால்தான் அது தீரும். வாய் ருசி பேசுகிற நாம் ஒத்துழைக்காத வரை, எந்தப் பெண் எவ்வளவு திட்டமிட்டாலும் ஃப்ரிட்ஜ் குடோனாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது வியாழக்கிழமை காலி பண்ணுகிற நாள். கதவைத் திறந்து சீட்டைப் படிப்பது என் வேலை. போன வியாழன் முந்தாநாள் சாம்பாரைக் கொதிக்கவைத்து நான் ஊற்றிக்கொண்டேன். மனைவிக்குத் தோசை சுட்டு, சூடாகத் தட்டில் போட்டேன். தோசை வட்டமாக வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று கேட்டார்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டிலும் "என்ன செய்யட்டும்?" என்ற கேள்வி வரும். ஆசையைச் சொல்வதற்கு முன்னால், எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறங்கள்.