மூலிகையின் பெயரால் மனித உயிரைப் பந்தயம் வைப்பதா?

மூலிகை மீது எமக்குப் பகை இல்லை. பரிகாரியாரின் குளிகையும் குடிநீரும் கொண்டு வளர்ந்த மக்கள் நாம். ஆயினும், மூலிகை என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அறிவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே செல்வோரைக் காணும்போது வாளாவிருக்க எம்மால் முடியவில்லை.

2007ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்காபிரிக்க நாடாகிய காம்பியாவின் சனாதிபதி யாஹ்யா ஜாமே, எயிட்ஸ் நோயைத் தீர்க்கும் மூலிகை மருந்து தம்மிடம் உளதென உலகுக்கு அறிவித்தார். 1994இல் படைப் புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றியவர் அவர், மருத்துவம் கற்றவரல்லர். வியாழக்கிழமைகளில் நோயாளரை வரவழைத்தார்; உடலிற் குழம்பைப் பூசினார்; கசாயத்தைப் புகட்டினார். இக்காட்சி நாட்டின் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. மருந்தின் கலவை இரகசியம். நோயாளியின் முகமோ ஊரறிந்தது! என்னே விந்தை!

இவ்வளவோடு நின்றிருந்தால், அதிகாரத்தில் இருப்போர் ஆடும் கூத்துக்களுள் இதுவும் ஒன்றென்று சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அவர் விதித்த நிபந்தனை சிரித்தற்குரியதன்று. தம் சிகிச்சைக்கு வருவோர், வைத்தியசாலையிற் பெற்றுவந்த எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளை நிறுத்திவிட வேண்டும் என்றார்.

அம்மருந்துகள் கிருமியை அடியோடு அழிப்பவை அல்ல. அது பெருகாதபடி அடக்கி வைப்பவை. நாள் தவறாது உட்கொள்பவன் ஏனையோரைப் போல் உழைத்து வாழ்கிறான். நிறுத்தினாலோ, சில வாரங்களிற் கிருமி மீண்டும் தலையெடுக்கும். இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று பல நாடுகளில் 5472 நோயாளரிடம் ஆராய்ந்தார்கள். நிறுத்தியவர்களிடையே கடும் நோயும் மரணமும் இரு மடங்குக்கு மேல் ஏறியமையால், 2006 ஜனவரியிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு எல்லோரையும் மருந்துக்குத் திருப்பினார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் அஞ்சிப் பின்வாங்கிய அதே செயலை, ஓராண்டு கழித்து ஒரு நாட்டின் தலைவர் கட்டளையாக இட்டார்!

கேள்வி கேட்டவர் உண்டா? உண்டு. காம்பியாவிலிருந்த ஐக்கிய நாடுகளின் பிரதிநிதி, இதற்கு விஞ்ஞான ஆதாரம் யாதெனக் கேட்டார். அடுத்த மாதமே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். நோயாளரின் குருதி, செனகல் நாட்டின் டாக்கர் நகரப் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து வந்த அறிக்கையைக் காட்டி, நோய் தீர்ந்தது என்று முழங்கினார்கள். அவ்வாய்வுகூடத்தின் தலைவர் பேராசிரியர் சுலைமான் ம்பூப் இதனை மறுத்துரைத்தார். சிகிச்சைக்கு முன் எடுத்த குருதி இல்லாது, பின்னர் எடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குணமாயிற்று என்று எவ்வாறு சொல்வது என்பதே அவ்வாய்வுகூடத்தினரின் வாதம். சனாதிபதியின் பக்கத்தில் நின்று அவருக்குச் சான்று பகர்ந்த சுகாதார அமைச்சரோ முறையாகக் கற்றுத் தேர்ந்த வைத்தியர்! அறியாதவன் செய்வது ஒன்று. அறிந்தவன் துணைநிற்பது வேறொன்று. படித்த பெருமக்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்பாராக.

"நம் முன்னோர் கண்ட மருந்துக்கு வெள்ளைக்காரன் வகுத்த சோதனை எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையிலும் உளர். அவர்களைக் கமக்காரனிடம் அனுப்புகிறோம். புது விதைநெல் கிடைத்தால் அவன் வயல் முழுவதிலும் அதையே விதைத்துப் பிள்ளைகளின் வயிற்றைப் பந்தயம் வைப்பதில்லை. ஒரு மூலையில் இரண்டொரு பரப்பில் விதைப்பான். பக்கத்திலே பழைய நெல்லை நிறுத்துவான். ஒரே நீர், ஒரே பசளை இட்டு இரண்டையும் பார்ப்பான். இது எந்த வெள்ளைக்காரன் கற்பித்த பாடம்?

வேறு சிலர், "சாகப் போகிறவனுக்கு எதைக் கொடுத்தால் என்ன?" என்கிறார்கள். இந்த வாதம் ஒரு காலத்தில் ஓரளவு செல்லுபடியாயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் 1986இற் சென்னையிலேதான் கண்டறியப்பட்டது. பின்னர் தாம்பரத்து அரச நெஞ்சுநோய் வைத்தியசாலையில் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் என்னும் சித்த மருந்துகளை நோயாளர்க்கு வழங்கினார்கள். அக்காலத்தில் ஏழைக்கு எட்டும் வேறு மருந்து இருக்கவில்லை. கொடுத்தது இன்னதென்றாவது ஊரறியும். ஆனால் 2004 ஏப்ரலில் இந்திய அரசு எதிர்ப்பு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அன்றே கேள்வி மாறிவிட்டது. உயிர் காக்கும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதைப் பறித்துவிட்டுச் சோதிப்பது சோதனையன்று, கொலைக்கு ஒப்பானது. அமெரிக்காவின் டஸ்கீகியில், மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகளை, பெனிசிலின் வந்த பின்னரும் மருந்தின்றி வைத்து 1972 வரை வேடிக்கை பார்த்தார்களே, அக்கொடுமையைக் கண்டித்த நாவினால் இதனை ஆதரிக்கலாமா?

மூலிகையைச் சோதிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சோதியுங்கள் என்றே கூறுகிறோம். 1987இல், மலேசியாவின் சரவாக் காட்டில் நமது புன்னையின் உறவினமான ஒரு மரத்தின் இலை, சுள்ளிகளைச் சேகரித்துச் சென்றார்கள். எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் கலனோலைட் என்னும் பொருள் அதிலிருந்து கிடைத்தது. மீண்டும் சென்று பார்த்தபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது! ஆயினும் தேடி, பிரித்தெடுத்து, முதலில் நோயற்ற தொண்டர்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சரவாக் அரசும் அம்முயற்சியிற் பங்காளியாயிற்று. மருந்துக்கடைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் அதனால் எவருடைய மருந்தும் பறிக்கப்படவில்லை. கையிலுள்ள மருந்தோடு சேர்த்தே மூலிகையைக் கொடுத்தல், கலவையைச் சொல்லுதல், நோயாளிக்கு அவன் மொழியில் விளக்கிச் சம்மதம் பெறுதல், விரும்பியபோது விலக விடுதல், தீங்கு நேரின் பொறுப்பேற்றல் — இவற்றில் எது சித்தத்துக்கோ ஆயுள்வேதத்துக்கோ இழுக்கு?

2016 டிசம்பர்த் தேர்தலில் ஜாமே தோற்றார். 2017 ஜனவரியில் எக்குவடோரியல் கினிக்கு ஓடினார். அவர் சிகிச்சைக்குத் தப்பிப் பிழைத்தோருள் மூவர், 2018இல் காம்பிய உயர் நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். பின்னர் உண்மை ஆணைக்குழுவும் நோயாளரின் சாட்சியத்தைக் கேட்டது. நாடாள்பவன் முன்னே "மாட்டேன்" என்று சொல்ல ஒரு நோயாளியால் எவ்வாறு முடியும்? அங்கே சம்மதம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இனி, நம் ஆங்கில வைத்தியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளிக் குளிகையை மூன்று வாரம் உட்கொண்ட நோயற்ற தொண்டர்களின் குருதியில், சக்வினவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது என்று 2002இல் ஆய்வொன்று காட்டிற்று. உள்ளியை நிறுத்திப் பத்து நாட்களான பின்னரும் பழைய அளவு முற்றாகத் திரும்பவில்லை. நாட்டு மருந்து என்றதும் முகம் சுழிக்கும் வைத்தியரிடம், தான் வீட்டில் என்ன குடிக்கிறான் என்று எந்த நோயாளி வாய்திறப்பான்? சினமின்றிக் கேளுங்கள், அவன் சொல்வதை நோயாளிச் சீட்டில் எழுதுங்கள்.