கம்பெனி நெட்வொர்க்கில் யார் யார்?
கணக்கில் வராத கருவிகளால் வரும் ஆபத்து

2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற கணினி வைரஸ் உலகை உலுக்கியபோது, பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகமும் அதற்குத் தப்பவில்லை. ரயில் போக்குவரத்துக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. ஆனால் வைரஸ் புகுந்த இடங்கள் எவை என்பது கவனிக்கத்தக்கது. ஊழியர் பிரிவும் கணக்குப் பிரிவும்தான் அவை. சம்பளம், லீவு, சர்வீஸ் விவரங்கள் எல்லாம் கையாளப்படும் இடங்கள்.

அந்த வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2 மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் செய்யப்படாத ஒரு கணினி போதும். யாரும் எதையும் தொடாமலே, அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற பழைய கணினிகளுக்கும் வைரஸ் தாவியது. எந்தெந்தக் கணினி திருத்தப்படவில்லை என்று கேட்டால், முதலில் மொத்தம் எத்தனை கணினிகள் உள்ளன என்ற கணக்கு வேண்டும். பல அலுவலகங்களில் இல்லாதது அந்தக் கணக்குதான்.

கஞ்சிக்கோட்டுக்கு என்ன சம்பந்தம்?

1974ல் இன்ஸ்ட்ருமென்டேஷன் தொழிற்சாலையும், 1976ல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் ஆலையும் வந்ததிலிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையாக வளர்ந்தது. வாளையாறு தாண்டி தினமும் வேலைக்கு வரும் தமிழர்கள் இங்கு ஏராளம். பொதுவாக இன்றைய தொழிற்சாலை ஒன்றில் கணினி மட்டும் நெட்வொர்க்கில் இல்லை. விரல் வைக்கும் வருகைப் பதிவு இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, பிரிண்டர், எடைமேடை, கணினியால் ஓடும் கடைசல் இயந்திரம் எல்லாம் ஒரே இணைப்பில் இருப்பதுண்டு. ஒன்றை நிர்வாகம் வாங்குகிறது. இன்னொன்றைக் காண்டிராக்டர் மாட்டிவிட்டுப் போகிறார். எழுதி வைப்பவர் யாருமில்லை.

கேட்டில் காவலர் போல

தொழிற்சாலை கேட்டில் காவலர் பாஸ் கேட்கிறார். ரிஜிஸ்தரில் பெயர் எழுதுகிறார். புதியவரைக் காத்திருக்கச் சொல்கிறார். இதே வேலையை நெட்வொர்க்கின் வாசலில் செய்யும் ஏற்பாடும் உண்டு. அதற்கான சர்வதேசத் தரம் 2001லேயே வகுக்கப்பட்டது. இணையும் ஒவ்வொரு கருவியும் என்ன வகை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு இணைந்தது என்று தானாகப் பதிவாகும். அனுமதி உள்ளவை உள்ளே போகும். திருத்தம் செய்யப்படாதவை ஒதுக்கி வைக்கப்படும். விருந்தினர் செல்போனுக்குத் தனி வழி.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு என்றாலும், அந்த எண்ணைப் போலியாகவும் காட்டலாம். கணினியிடம் முறையான சான்றிதழ் கேட்கலாம். பழைய பிரிண்டரும் கேமராவும் சான்றிதழ் காட்ட வழியற்றவை. எனவே அவற்றின் நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். கேமரா ஒன்று கணக்குப் பிரிவுக் கணினியைத் தேடிப் போனால், அங்கே கோளாறு இருக்கிறது என்று பொருள்.

கண்ட பாடங்கள்

2018 ஆகஸ்டில் தைவானின் மிகப்பெரிய சிப் தயாரிப்பு நிறுவனத்தில் ஒரு புதிய இயந்திரம், உரிய சோதனையின்றி நெட்வொர்க்கில் சேர்க்கப்பட்டது. அதிலிருந்த வான்னாக்ரை வகை வைரஸ் பரவி உற்பத்தியை முடக்கியது. முழுமையாகச் சீராகச் சில நாட்கள் பிடித்தன.

2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் வைரஸ் இருந்ததை, அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இணையத்துடன் தொடர்புடையது. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கியது.

இதற்கு நேர்மாறானது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அனுபவம். 2022 நவம்பர் 23 அன்று அங்கு சர்வர்கள் முடங்கின. நோயாளிகளின் பதிவைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியதாயிற்று. நெட்வொர்க் சரிவரப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பழி யார் மேல்?

தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் அக்கறை காட்ட வேண்டிய இடம் இதுதான். பதிவு இல்லாத இடத்தில் கோளாறு நேர்ந்தால், சந்தேகம் முதலில் விழுவது கடைநிலை ஊழியர் மேல்தான். பென்-டிரைவ் செருகியவர் யார், செல்போனைச் சார்ஜ் போட்டவர் யார் என்று விசாரணை தொடங்கும். ஒழுங்கான பதிவு இருந்தால் எந்தக் கருவி, எந்த நேரம், எந்த இடம் என்பது தெரியும், நிரபராதி தப்பலாம். ஆனால் பதிவு காட்டுவது கருவியைத்தான், ஆளை அல்ல. அதை மட்டும் வைத்துத் தண்டனை வழங்குவது நியாயமாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கருவிகளை எண்ணுவதற்கென்று வந்த ஏற்பாடு, ஊழியரை வேவு பார்ப்பதாக மாறிவிடக் கூடாது. வேலை சம்பந்தமான சில நோக்கங்களுக்காக, சம்மதம் கேட்காமலே ஊழியர் விவரங்களைப் பயன்படுத்த 2023ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு இடமளிக்கிறது. ஆகவே எதைப் பதிவு செய்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்பதை நிர்வாகம் மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பெரிய செலவில்லாமலே முதல் அடியை எடுத்து வைக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரு பட்டியலில் எழுதி, சம்பளக் கணினியை இயந்திரங்களிலிருந்தும் கேமராக்களிலிருந்தும் பிரித்து வைத்தால் பாதி ஆபத்து குறையும். ஆளுக்கு மஸ்டர் ரோல் இருப்பது போல இயந்திரத்துக்கும் ஒன்று இருக்கட்டும். கணக்கில்லாத இடத்தில் காவல் இருந்தும் பயனில்லை.