சர்வரோக நிவாரணி

‘அபிவிருத்தியே நம் ஊருக்குச் சர்வரோக நிவாரணி’ என்று குச்சவெளி மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் எழுதியிருந்தான். இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆயினும் என் எழுதுகோல் அவ்விடத்தே நின்றுவிட்டது.

இது வடமொழித் தொடர். சர்வம் எல்லாம், ரோகம் நோய், நிவாரணி நீக்குவது. கிரேக்கரும் ‘எல்லாம்’, ‘குணமாக்கல்’ என்னும் பொருளுடைய இரு சொற்களைப் புணர்த்துப் ‘பனக்கேயா’ என்றனர். மருத்துவக் கடவுளின் மகளுக்கு அதனையே பெயராக்கினர்.

நம்மவர் ‘சஞ்சீவி’ என்பர். அச்சொல்லின் அடி வாழ்தலைக் குறிப்பது. உயிர்ப்பிப்பது என்பதே அதன் பொருள். எல்லா நோயையுந் தீர்ப்பது என்பது வழக்கில் ஏறிய பொருளாம். இராமகாதையில் அனுமன் நாடிச் சென்ற மூலிகைகளோ நான்கு. மாண்டாரை எழுப்புவது மிருதசஞ்சீவனி. தைத்த படைக்கலத்தை அகற்றுவது விசல்யகரணி. உடலின் நிறத்தை மீட்பது சாவர்ணியகரணி. முறிந்ததைப் பொருத்துவது சந்தானகரணி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தொழில். மூலிகைகள் கண்ணுக்கு அகப்படாமையாலன்றோ மலையையே பெயர்த்தான்!

வள்ளுவரும் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனுள் மருந்து ஒன்றன் பெயரேனும் இல்லை. நோயை அறிக, அதன் காரணத்தை அறிக, பின்னரே தீர்க்கும் வழியை நாடுக என்பது அவர் முறை. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தவர், மருந்தை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார்.

குச்சவெளிக் கடலோரப் பாறையிலே பழைய வடமொழிக் கல்வெட்டொன்று உளது. பிறவிதோறும் உலகின் துயர் துடைக்கும் ஆற்றல் தனக்கு வாய்த்தல் வேண்டுமெனப் பௌத்தர் ஒருவர் அதில் வேண்டுகின்றார். நெஞ்சை உருக்கும் வேண்டுதல் அது. ஆனால் அது வேண்டுதலே. மருந்து கைவந்தது என்னும் விளம்பரம் அன்று.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009 வரை நீண்ட போரும் இக்கரையை வருத்தின. படகிழந்தவர் துயர் வேறு. காணியிழந்தவர் துயர் வேறு. மகனைத் தேடும் தாயின் துயர் முற்றிலும் வேறு. அனைவர்க்கும் ஒரு சொல்லையே மருந்தாக நீட்டும்போது, ‘உமக்கு நோவது எங்கே?’ என்று கேட்கும் கடமையிலிருந்து நாம் தப்பிக்கொள்கின்றோம். சொல் பெரிதாகுந்தோறும் செவி சிறிதாகின்றது.

மாணவனின் தொடரை யான் அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு வினா மட்டும் எழுதினேன்: ‘எந்நோய்க்கு?’