கண் பார்க்குற வேலைக்கும் நம்ம பிள்ளைங்க போகட்டும்

எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க கோயிலுக்கு வந்தா, "டாக்டருக்குப் படி"ன்னு திருநீறு பூசி அனுப்புறோம். இடம் கிடைக்கலன்னா ஹோட்டல் வேலை, இல்லன்னா சிங்கப்பூர். நடுவுல எத்தனையோ நல்ல வேலை இருக்கு, யாரும் சொல்றதில்ல.

மதுரையைப் பாருங்க. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பள்ளிப்படிப்பு முடிச்ச கிராமத்துப் பெண்களுக்கு அங்கேயே 2 வருஷம் பயிற்சி. பார்வை அளக்கிறது, கண் அழுத்தம் பார்க்கிறது, ஆபரேஷனுக்குத் தயார் பண்றது, பயந்துபோன பாட்டிக்குப் பொறுமையா விளக்குறது எல்லாம் அவங்கதான். அதனாலதான் டாக்டர் ஒரு ஆபரேஷன் முடிச்ச கையோட அடுத்த மேசைக்குத் திரும்ப முடியுது.

நம்ம தோட்டங்கள்ல இனிப்புநீர் இல்லாத வீடு எங்க இருக்கு? அதுல விழித்திரை கெடும்போது ஆரம்பத்துல வலியே தெரியாது. மங்கின பிறகு ஓடினா, போன பார்வை முழுசா திரும்புறது கஷ்டம். வருஷா வருஷம் கண்ணைக் காட்டணும். இதைத் தமிழ்ல சொல்ல நம்ம பிள்ளை ஒண்ணு அங்க உட்கார்ந்திருந்தா பாட்டி கேக்கமாட்டாங்களா?

கோயில் கல்வி நிதியில இந்தப் படிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கணும். கமிட்டி அண்ணன்மார் கோவிச்சாலும் சரி, அடுத்த கூட்டத்துல கேக்கத்தான் போறேன்.